காரணி தெரியாமலே உண்மை தெரியும்: பெரிய பகா எண்களைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

2024 அக்டோபரில் 'உலகின் மிகப் பெரிய பகா எண் கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தது. 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் கொண்ட எண் அது. அதைச் சுருக்கி எழுதினால் ஒரே வரிதான்: 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. செய்தியோடு சேர்ந்து வழக்கமான வதந்திகளும் வந்தன. இனி வங்கிக் கணக்குகள் பாதுகாப்பாக இருக்குமா என்று சிலர் கேட்டார்கள். பகா எண்களின் பட்டியல் இத்துடன் முடிந்துவிட்டதாகச் சிலர் நினைத்தார்கள். அந்த எண்ணை இரண்டால், மூன்றால், ஐந்தால் என்று வரிசையாக வகுத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று ஏறக்குறைய எல்லோருமே எண்ணிக்கொண்டார்கள்.

இவற்றில் கடைசி எண்ணம்தான் ஆழமான தவறு. அதைச் சரிசெய்துவிட்டால் மற்றவை தாமாகவே விழுந்துவிடும். பள்ளிக் கணக்கில் பெருக்கலும் வகுத்து மீதி காண்பதும் தெரிந்திருந்தால் போதும்; அதற்குமேல் இந்தக் கட்டுரைக்கு எதுவும் தேவையில்லை.

பால்மானி சொல்வதும் சொல்லாததும்

பால் சங்கத்தில் பால்மானி வைத்திருப்பார்கள். குழாயைப் பாலில் மிதக்கவிட்டால் தண்ணீர் கலந்த பாலா, இல்லையா என்று அரை நிமிடத்தில் காட்டிவிடும். ஆனால் கலந்த தண்ணீர் யார் வீட்டுக் கிணற்றிலிருந்து வந்தது என்று பால்மானியைக் கேட்க முடியாது. கலப்படம் உண்டா என்பது ஒரு கேள்வி. கலந்தது எது என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு எளிதில் பதில் கிடைக்கும். இரண்டாவதற்கு ஊரெல்லாம் அலைய வேண்டியிருக்கும்.

எண்களிலும் இதே நிலைமைதான். ஓர் எண் பகா எண்ணா என்று சோதிப்பது ஒரு வேலை. பகா எண் இல்லையென்றால், அது எந்தெந்த எண்களின் பெருக்கல் என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. பள்ளியில் இரண்டையும் ஒரே வகுத்தலில் செய்து பழகிவிட்டதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் நமக்குள் ஊறிக்கிடக்கிறது.

முதலில் மூன்று சொற்கள்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் காரணி. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 ஆகியவை காரணிகள். 1-ஐவிடப் பெரியதாக இருந்து, 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத எண் பகா எண்: 2, 3, 5, 7, 11, 13... 1-ஐவிடப் பெரிய மற்ற எண்கள் எல்லாம் பகு எண்கள். 1 இரண்டிலும் சேராது.

பகா எண்களுக்கு முடிவில்லை. 2,300 ஆண்டுகளுக்கு முன்பு யூக்ளிட் இதை நிரூபித்துவிட்டார். உங்களிடம் பகா எண்களின் முழுப் பட்டியல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவை எல்லாவற்றையும் பெருக்கி 1 கூட்டுங்கள். கிடைக்கும் எண்ணைப் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆகவே அதன் பகாக் காரணி ஏதாவது பட்டியலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். அப்படியானால் பட்டியல் முழுமையானதல்ல.

இங்கே பலர் ஓர் அடி கூடுதலாகத் தாண்டிவிடுகிறார்கள்: 'பெருக்கி 1 கூட்டினால் வருவது பகா எண்' என்று சொல்லிவிடுவார்கள். யூக்ளிட் அப்படிச் சொல்லவில்லை. 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30,031. இது 59 × 509. பகு எண்தான், ஆனால் 59, 509 இரண்டுமே நம் பட்டியலில் இல்லாதவை. வாதத்துக்கு அது போதும்.

ஆகவே செய்தித் தலைப்பில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. '*அறியப்பட்டவற்றில்* மிகப் பெரிய பகா எண்' என்று இருந்திருக்க வேண்டும். மிகப் பெரிய பகா எண் என்று ஒன்று கிடையாது.

முடிவில்லை என்றாலும் போகப்போக அரிதாகும் என்பது உண்மை. நூறுக்குள் 25 பகா எண்கள் இருக்கின்றன. ஆயிரத்துக்குள் 168. பத்து லட்சத்துக்குள் 78,498. நூறு கோடிக்குள் 5,08,47,534. அதாவது நான்கில் ஒன்றாக இருந்தது ஏறக்குறைய இருபதில் ஒன்றாகிவிட்டது. இந்தத் தேய்மானத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு: எண்ணின் இலக்கங்களை எண்ணி 2.3-ஆல் பெருக்கினால், அந்தப் பகுதியில் சராசரியாக எத்தனை எண்களுக்கு ஒரு பகா எண் வரும் என்பது கிடைக்கும். ஜெர்மானியக் கணித மேதை காஸ் சிறுவயதிலேயே இதை ஊகித்தார். 1896-இல் அதமாரும் தெ லா வல்லே பூசானும் தனித்தனியே நிரூபித்தார்கள். 300 இலக்க எண்களில் சுமார் 690-க்கு ஒன்று பகா எண். அவ்வளவு ஒன்றும் பஞ்சமில்லை. இந்தத் தகவலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வங்கியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

வகுத்துப் பார்ப்பது ஏன் நடக்காது

101 பகா எண்ணா? அதன் வர்க்கமூலம் 10-க்குச் சற்றே மேல். பகு எண்ணாக இருந்தால் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது இருந்தாக வேண்டும். 2, 3, 5, 7 ஆகிய நான்கால் வகுபடவில்லை என்றால் போதும், பகா எண்தான். சிறிய எண்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

100 இலக்க எண்ணுக்கு இதே வழியில் போனால், 50 இலக்கங்கள் வரையுள்ள பகா எண்களால் எல்லாம் வகுத்தாக வேண்டும். ஒரு நொடிக்கு நூறு கோடி வகுத்தல் செய்யும் கணினிகளை நூறு கோடி வாங்கி ஓடவிட்டாலும், வேலை முடியப் பிரபஞ்சத்தின் வயதைப் போல லட்சம் கோடி மடங்குக்கும் மேல் ஆகும். இது வெறும் நூறு இலக்கத்துக்கு. 2024-இல் வந்த எண்ணுக்கு நான்கு கோடி இலக்கங்கள். வகுத்துப் பார்த்திருக்கவே முடியாது என்பது இங்கேயே தெளிவாகிவிடுகிறது.

மீதி காட்டிக்கொடுக்கும்

1640-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஃபெர்மா ஒரு கடிதத்தில் ஓர் உண்மையை எழுதினார். தொழிலால் அவர் நீதித்துறைக்காரர். கணிதம் ஓய்வுநேர வேலை. அவர் சொன்னது இதுதான்: ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 1 கழித்து, அந்த அளவு அடுக்குக்கு 2-ஐ உயர்த்துங்கள். வருவதை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். இரண்டுக்குப் பதில் மூன்றையோ பத்தையோ வைத்தாலும் இதே விடைதான். வைக்கும் எண் அந்தப் பகா எண்ணால் வகுபடாமல் இருந்தால் போதும்.

7-ஐ எடுத்தால் 2⁶ = 64. அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. 11-ஐ எடுத்தால் 2¹⁰ = 1024. 11-ஆல் வகுத்தால் மீதி 1.

இதைத் தலைகீழாகத் திருப்பினால் சோதனை கிடைத்துவிடுகிறது. மீதி 1 வரவில்லையா? அப்படியானால் அது நிச்சயம் பகா எண் அல்ல.

91-ஐச் சோதிப்போம். பார்த்தவுடன் பகா எண் என்று பலரும் நம்பிவிடும் எண் இது. 2⁹⁰-ஐ 91-ஆல் வகுத்தால் வரும் மீதி நமக்கு வேண்டும். 2⁹⁰ என்பது 28 இலக்க எண்; அதை முழுதாக எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் வர்க்கப்படுத்தி, உடனே மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிடலாம்.

2² → 4
2⁴ → 16
2⁸ → 256, மீதி 74
2¹⁶ → 74² = 5476, மீதி 16
2³² → 256, மீதி 74
2⁶⁴ → மீதி 16

90 = 64 + 16 + 8 + 2. ஆகவே 16, 16, 74, 4 ஆகிய நான்கு மீதிகளையும் பெருக்க வேண்டும். 16 × 16-க்கு மீதி 74. 74 × 74-க்கு மீதி 16. 16 × 4 = 64. முடிவு 64, வரவேண்டியது 1. ஆகவே 91 பகு எண்.

மேலே உள்ள கணக்கை இன்னொரு முறை பாருங்கள். 91 = 7 × 13. ஆனால் கணக்கில் 7-உம் வரவில்லை, 13-உம் வரவில்லை. எந்தக் காரணியையும் தொடாமலே அது பகு எண் என்று நிரூபித்துவிட்டோம். பால்மானி தன் வேலையைச் செய்துவிட்டது. கிணறு எதுவென்று தெரியாது.

வேகமும் கவனிக்க வேண்டியது. 90 பெருக்கலுக்குப் பதில் ஒன்பது பெருக்கலில் வேலை முடிந்தது. 309 இலக்க எண்ணுக்குக்கூட சுமார் ஆயிரம் வர்க்கப்படுத்தல்கள் போதும். சாதாரண மடிக்கணினி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். நடுவில் வரும் எந்த மீதியும் நாம் சோதிக்கும் எண்ணைத் தாண்டி வளர்வதில்லை என்பதுதான் இதன் பலம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வகுத்தலால் சோதிக்க முடியாத பெரிய எண்களை மீதியால் சோதிக்கலாம், சோதனையில் தோற்ற எண் பகு எண் என்பது உறுதி, ஆனால் அதன் காரணிகள் என்னவென்று சோதனை சொல்லாது.

வேஷம் போடும் எண்கள்

சோதனையில் தோற்றால் பகு எண். சரி, தேறினால் பகா எண்தானா? இங்கேதான் சிக்கல்.

341-ஐப் பாருங்கள். 341 × 3 = 1023. ஆகவே 2¹⁰ = 1024-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1. 2³⁴⁰ என்பது 2¹⁰-இன் 34-ஆவது அடுக்கு. 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1. எனவே 341 சோதனையில் தேறிவிடுகிறது. ஆனால் 341 = 11 × 31. இரண்டை வைத்துக் கேட்டபோது பொய் சொன்ன இந்த எண், மூன்றை வைத்துக் கேட்டால் மாட்டிக்கொள்கிறது: 3³⁴⁰-க்கு மீதி 56.

அப்படியானால் வேறு வேறு எண்களை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தால் எல்லாப் பொய்யும் வெளிப்பட்டுவிடுமா? அதுவும் இல்லை. எதை வைத்துக் கேட்டாலும் அசராமல் மீதி 1 காட்டும் பகு எண்கள் உண்டு. கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். முதல் மூன்று: 561, 1105, 1729.

மூன்றாவதைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலண்டன் பட்னியில் நோயுற்றிருந்த இராமானுஜனைப் பார்க்க ஹார்டி வந்த டாக்ஸியின் எண் அது. இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு வகையில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது என்று இராமானுஜன் சொன்னார்: 12³ + 1³ = 10³ + 9³. அந்தக் கதையைச் சொல்பவர்கள் 1729-இன் இந்த இன்னொரு குணத்தை அதிகம் சொல்வதில்லை. 1729 = 7 × 13 × 19. ஒவ்வொரு காரணியிலும் 1 கழித்தால் 6, 12, 18. இந்த மூன்றுமே 1728-ஐ மீதியின்றி வகுக்கின்றன. அதனால்தான் இந்த எண் ஃபெர்மாவின் சோதனையில் இப்படித் தப்பிக்கிறது. மாட்ட வேண்டுமானால் 7, 13, 19 ஆகியவற்றின் மடங்கை வைத்துக் கேட்க வேண்டும். அந்த மடங்கை அறிந்திருந்தால் காரணியே கையில் இருக்கிறது, சோதனை எதற்கு?

கார்மைக்கேல் எண்களும் முடிவில்லாதவை என்று 1994-இல் ஆல்ஃபர்ட், கிரான்வில், பொமரன்ஸ் ஆகிய மூவர் நிரூபித்தார்கள். ஆகவே பட்டியல் போட்டு ஒதுக்கிவிடலாம் என்ற வழியும் அடைபட்டது.

கேள்வியைக் கூர்மையாக்குவது

வேஷத்தைக் கலைக்க ஒரு கூடுதல் கேள்வி இருக்கிறது. 7-ஆல் வகுக்கும்போது எந்தெந்த எண்ணின் வர்க்கம் மீதி 1 தரும்? 1² = 1. 6² = 36, மீதி 1. 2, 3, 4, 5 ஆகியவற்றின் வர்க்கங்கள் தருவதில்லை. இரண்டைத் தவிர வேறு எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இப்படித்தான்: அதைவிடச் சிறிய எண்களில் 1-உம், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த எண்ணும் மட்டுமே வர்க்கமாக்கினால் மீதி 1 தரும். மூன்றாவதாக ஒன்று அகப்பட்டால் குட்டு உடைந்துவிட்டது என்று பொருள்.

1729-ஐ மறுபடி கூப்பிடுவோம். 1728-ஐப் பாதியாக்கிக்கொண்டே வந்தால் 864, 432, 216, 108, 54, 27. இப்போது 2-இன் அடுக்குகளைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம். 2²⁷-க்கு மீதி 645. 2⁵⁴-க்கு மீதி 1065. 2¹⁰⁸-க்கு மீதி 1. அதாவது 1065-இன் வர்க்கம் மீதி 1 தருகிறது. கையால் சரிபார்க்கலாம்: 1065² = 11,34,225. 1729 × 656 = 11,34,224. ஆம், மீதி 1. ஆனால் 1065 என்பது 1-உம் அல்ல, 1728-உம் அல்ல. பகா எண்ணாக இருந்தால் இது நடக்கவே நடக்காது. 1729 மாட்டிக்கொண்டது.

(இந்த வகையில் மாட்டும் எண் தன் காரணியையும் உளறிவிடும்: 1065 − 1 = 1064-க்கும் 1729-க்கும் பொதுவான காரணி 133, அதாவது 7 × 19. ஆனால் இப்படி நடப்பது அபூர்வம். பெரிய பகு எண்களில் மிகப் பெரும்பாலானவை முதல் மீதியிலேயே தோற்றுவிடும். காரணியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல்.)

இந்தக் கூடுதல் கேள்வியோடு சேர்ந்த சோதனைக்கு மில்லர்–ராபின் சோதனை என்று பெயர். 1976-இலும் 1980-இலும் உருவானது. எந்தப் பகு எண்ணாக இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை எடுத்து ஒருமுறை சோதித்தால் அது தப்பிக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் போகாது. இருபது முறை வேறு வேறு எண்களை வைத்துச் சோதித்தால், தப்பிக்கும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றைவிடக் குறைவு. இதில் தேறிய எண்ணை 'அனேகமாகப் பகா எண்' என்பார்கள். கணித அறிஞருக்கு 'அனேகமாக' என்ற சொல் உறுத்தும். பொறியாளருக்கு உறுத்தாது, கணினியின் நினைவகமே அதைவிட அதிகமாகத் தவறு செய்யும்.

அந்த உறுத்தலைத் தீர்த்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள். பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரு மாணவர்களும் 2002 ஆகஸ்டில் ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். எந்த எண்ணாக இருந்தாலும், 'அனேகமாக' என்ற வால் இல்லாமல், இலக்கங்கள் கூடக்கூட நேரம் கட்டுக்கடங்காமல் பெருகிவிடாமல், பகா எண்ணா இல்லையா என்று சொல்லிவிடும் வழிமுறை அது. 2006-இல் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசு அதற்குக் கிடைத்தது. அதுவும் காரணிகளைச் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். நடைமுறையில் மில்லர்–ராபின்தான் வேகமானது என்பதால் அன்றாட வேலைக்கு இன்றும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

சாதனை எண்கள் ஏன் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கின்றன

2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் எண் மெர்சென் எண். 3, 7, 15, 31, 63, 127 என்று போகும். இவற்றைப் பற்றி 1644-இல் எழுதிய மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயர் நிலைத்துவிட்டது. அவர் தந்த பட்டியலில் ஐந்து பிழைகள் இருந்தன என்பது வேறு விஷயம்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால்தான் மெர்சென் எண் பகா எண்ணாக முடியும். 2⁶ − 1 = 63 என்பதில் 6-இன் காரணிகளான 2, 3 வழியாக 2² − 1 = 3, 2³ − 1 = 7 இரண்டும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்துவிட்டால் மட்டும் போதாது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இந்த எண்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. பிரான்ஸின் எதுவார் லூக்கா 19-ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்ததை, அமெரிக்காவின் லேமர் 1930-களில் செம்மைப்படுத்தினார். அதனால் லூக்கா–லேமர் சோதனை. செய்முறை ஒரு வரியில் அடங்கும்: 4-இல் தொடங்கு, வர்க்கப்படுத்தி 2 கழி, மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள், அடுக்கைவிட இரண்டு குறைவான தடவைகள் இதைச் செய், கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

2⁷ − 1 = 127-க்கு ஐந்து தடவை செய்ய வேண்டும்:

4 → 14 → 67 → 42 → 111 → 0

பகா எண். 2047-க்கு ஒன்பது தடவை:

4 → 14 → 194 → 788 → 701 → 119 → 1877 → 240 → 282 → 1736

0 வரவில்லை, பகு எண். 23-உம் 89-உம் இங்கேயும் தலைகாட்டவில்லை. முக்கியமாக, இதில் 'அனேகமாக' கிடையாது. 0 என்றால் நூற்றுக்கு நூறு நிரூபணம்.

இன்னொரு வசதியும் உண்டு. மெர்சென் எண்ணால் வகுக்க வகுத்தலே வேண்டாம். 194-ஐ 31-ஆல் வகுத்து மீதி காண வேண்டுமா? 194-இல் ஆறு 32-களும் மிச்சம் 2-உம் இருக்கின்றன. ஒவ்வொரு 32-உம் 31-ஐவிட ஒன்று கூடுதல் என்பதால், 6 + 2 = 8. அதுதான் மீதி. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாகவே வைத்திருப்பதால், எண்ணை நடுவில் வெட்டி இரண்டு துண்டையும் கூட்டினால் வேலை முடிந்தது. சாதனைப் பட்டியலின் உச்சியில் பெரும்பாலும் மெர்சென் எண்களே இருப்பதற்குக் காரணம் இந்த வசதிகள்தான். மற்ற பெரிய பகா எண்கள் இவற்றைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக இருக்கின்றன. அவற்றை நிரூபிக்கும் வழி இவ்வளவு மலிவாக இல்லை.

1876-இல் லூக்கா தன் முறையால் இரண்டு முடிவுகளை அறிவித்தார். 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண். கையால் கணக்கிட்டு நிறுவப்பட்டவற்றில் இன்றும் இதுவே மிகப் பெரியது. மெர்சென் பகா எண் என்று எழுதிவைத்த 2⁶⁷ − 1 பகு எண். ஆனால் அதன் காரணிகள் லூக்காவுக்குத் தெரியாது. 27 ஆண்டுகள் கழித்து, 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவற்றை அறிவித்தார்: 193707721 × 761838257287. இரண்டு கேள்விகளும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமானால் 2¹²⁷⁷ − 1 இருக்கிறது. 385 இலக்க எண். பகு எண் என்று உறுதியாகத் தெரியும். ஆனால் இன்றைய கணினிகள் இத்தனை இருந்தும் அதன் ஒரே ஒரு காரணிகூட இன்னும் யார் கையிலும் சிக்கவில்லை.

2024-இல் நடந்தது

மெர்சென் பகா எண்களைத் தேட 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் ஓர் இணையக் கூட்டு முயற்சியைத் தொடங்கினார். கிம்ப்ஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். யார் வேண்டுமானாலும் மென்பொருளை இறக்கிக்கொண்டு, தங்களுக்கு ஒதுக்கப்படும் அடுக்கைச் சோதிக்கலாம். இதில் சேர்ந்த அமெரிக்கர் லூக் டூரன்ட், பல நாடுகளின் தரவு மையங்களிலிருந்த வரைகலைச் செயலிகளை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்.

2024 அக்டோபர் 11 அன்று டப்ளினில் இருந்த ஒரு செயலி, 13,62,79,841 என்ற அடுக்குக்கு 'அனேகமாகப் பகா எண்' என்று சொன்னது. அது ஃபெர்மா வகைச் சோதனை. மறுநாள் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொரு செயலி லூக்கா–லேமர் சோதனையை முடித்து 0 காட்டியது. வேறு மென்பொருள்களிலும் வேறு கருவிகளிலும் திரும்பத் திரும்பச் சரிபார்த்த பிறகு அக்டோபர் 21 அன்று அறிவித்தார்கள். முதலில் அனேகம், பிறகு நிரூபணம். அறியப்பட்ட மெர்சென் பகா எண்களில் அது 52-ஆவது.

நான்கு கோடி இலக்கங்களை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனால் கடைசி இலக்கத்தை நீங்களே சொல்லிவிடலாம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற இலக்கங்களில் மாறி மாறி முடியும். 13,62,79,841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2-இன் அந்த அடுக்கு 2-இல் முடியும். ஒன்று கழித்தால் 1. கணினியின் இரும எண் முறையில் எழுதினாலோ இன்னும் எளிது: 1 என்ற இலக்கத்தை 13,62,79,841 தடவை வரிசையாக எழுதினால் அதுதான் அந்த எண்.

வங்கிக்கு வருவோம்

இணையத்தில் போகும் தகவல்களைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டும் ஆர்.எஸ்.ஏ. என்ற முறை 1977-இல் வந்தது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரின் பெயர்ச் சுருக்கம். சுமார் 309 இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைக் கணினி தற்போக்காகத் தேர்ந்தெடுக்கும். அவற்றைப் பெருக்கி வரும் 617 இலக்க எண்ணை வெளியே அறிவித்துவிடும். பகா எண்கள் இரண்டும் ரகசியம்.

இந்த முறை நிற்பதே நாம் பார்த்த இடைவெளியின் மேல்தான். 309 இலக்கப் பகா எண்ணைத் தேடிப் பிடிப்பது எளிது: ஏதாவது ஓர் ஒற்றைப்படை எண்ணை எடுத்துச் சோதித்துக்கொண்டே போனால், சராசரியாக முந்நூற்றைம்பது முயற்சிக்குள் ஒன்று கிடைத்துவிடும். ஆனால் பெருக்கித் தந்த எண்ணைப் பிரிப்பது மலையைப் புரட்டும் வேலை. ஆர்.எஸ்.ஏ. சவால் எண்களில் 250 இலக்க எண்ணைப் பிரித்து 2020 பிப்ரவரியில் அறிவித்தார்கள். கணினிச் செயலியின் ஒரே ஒரு 'கோர்' பகுதியிடம் விட்டிருந்தால் அதற்கு 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். 617 இலக்கத்துக்கு இன்றைய கணினிகளால் அருகில்கூடப் போக முடியவில்லை. சோதிப்பதும் பிரிப்பதும் ஒரே வேலையாக இருந்திருந்தால் இந்தப் பூட்டே இருந்திருக்காது.

சாதனைப் பகா எண் பூட்டுக்கு உதவாது என்பதும் இதிலிருந்தே புரியும். உலகமே அறிந்த எண்ணை ரகசியக் காரணியாக வைக்க முடியுமா? புதிய எண் வந்ததால் பழைய பூட்டு உடைவதும் இல்லை. 309 இலக்கப் பகா எண்கள் மட்டுமே பிரபஞ்சத்தின் அணுக்களைவிடக் கணக்கற்ற மடங்கு அதிகம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்தில் அறிவிக்கப்பட்டிருந்த பூட்டு எண்களைச் சேகரித்து ஒன்றோடொன்று ஒப்பிட்டன. பத்தாயிரக்கணக்கான கருவிகளின் எண்களில் ஒரே பகா எண் பொதுவாக இருந்தது. தற்போக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டிய மென்பொருள், அதைச் சரியாகச் செய்யவில்லை. இரண்டு எண்களுக்குப் பொதுக் காரணி இருந்தால் அதைக் கண்டுபிடிக்க மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) எடுத்தால் போதும், பள்ளிக் கணக்கு. மலையைப் புரட்டவே தேவையில்லாமல் பூட்டு திறந்துகொண்டது.

எல்லாப் பூட்டிலும் பகா எண் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் கிடையாது. வாட்ஸ்அப் செய்திகளைப் பூட்டும் முறையில் பயன்படும் பகா எண் 2²⁵⁵ − 19. 77 இலக்கங்கள். எவரும் அறிந்தது, எங்கும் அச்சிட்டிருப்பது. அங்கே ரகசியம் வேறொரு எண்ணில் இருக்கிறது. அந்தப் பகா எண்ணைத் தேர்ந்தெடுத்த காரணம் நமக்குப் பழகியதுதான்: 2-இன் அடுக்குக்கு மிக அருகில் இருப்பதால் மீதி காண்பது எளிது.

பிறகு எதற்குத் தேடுகிறார்கள்

நேரடிப் பயன் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. பக்கப் பயன் உண்டு. பல நாள்கள் ஓடும் கணக்கில் ஒரே ஓர் இலக்கம் தவறினாலும் முடிவு பாழாகிவிடும் என்பதால், கணினியின் ஓட்டைகளை இந்தக் கணக்குகள் வெளிக்கொண்டுவரும். 1994-இல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் நைஸ்லி, இரண்டு எண் இடைவெளியில் வரும் இரட்டைப் பகா எண்களை வைத்துக் கணக்குப் போட்டபோது, பென்டியம் செயலி வகுத்தலில் தவறு செய்வதைக் கண்டுபிடித்தார். அந்தச் செயலிகளை மாற்றித் தர இன்டெல் நிறுவனம் 47.5 கோடி டாலரை ஒதுக்க வேண்டியதாயிற்று.

பரிசும் இருக்கிறது. பத்துக் கோடி இலக்கங்கள் கொண்ட முதல் பகா எண்ணுக்கு எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு ஒன்றரை லட்சம் டாலர் அறிவித்திருக்கிறது. பத்து லட்சம் இலக்கத்துக்கான பரிசும் ஒரு கோடி இலக்கத்துக்கான பரிசும் 2000-இலும் 2009-இலும் கொடுக்கப்பட்டுவிட்டன. அடுத்ததை வெல்ல, மெர்சென் எண்ணின் அடுக்கு 33 கோடியே 21 லட்சத்தைத் தாண்ட வேண்டும். 2024-இல் கிடைத்த எண்ணின் அடுக்கு அதில் பாதியைக்கூட எட்டவில்லை.